ஏழாம் சுரத்தில் நின்றுபோன பிளாக்

ஊர் என்று சொல்ல முடியாது, ஊருக்கு அப்பால் என்றுதான் சொல்ல வேண்டும். சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி, கொட்டிய மண் அமர்வதற்குள் வரிசையாக எட்டு மாடிக் கட்டடங்களை எழுப்பி, ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்த எங்களைச் சட்டி பானையோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து அதற்குள் அடுக்கினார்களே, அந்தக் குடியிருப்பின் ஒன்பதாம் பிளாக்கில், எட்டாம் மாடியில், தணிகாசலம் மேஸ்திரியின் மகள் மோனிஷா ஒரு சாயங்காலம் கிதாரில் ஏழு சுரம் வாசித்து, எட்டாவதை வாசிக்காமல் விட்டுவிட்டுச் செத்துப்போனாள். அன்றிலிருந்து எங்கள் பிளாக்கில் தொடங்கிய எதுவும் முடியவில்லை.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கவர் விற்கிற கடையில் வேலை பார்த்தாள், வேலை முடிந்து எட்டு மாடி ஏறி வந்து, மூச்சு திரும்பும் வரைக்கும் வராந்தாவில் குந்தியிருப்பாள், மூச்சு திரும்பியதும் கிதாரை எடுப்பாள். அந்தக் கிதார் இரண்டாம் மாடி வில்பிரட் மாஸ்டருடையது. கல்யாணங்களில் மெல்லிசைக் குழுவோடு வாசிக்கிறவர், புதுசு வாங்கியபோது பழசை இவளுக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்த பாவத்துக்குச் சொல்லியும் கொடுத்தார். அவளுக்கு உடனே சினிமாப் பாட்டு வாசித்தாக வேண்டும். அவரோ முதலில் ஒரே கம்பியில் ச ரி க ம ஏறி வா என்றார். கிதாரின் கழுத்தில் குறுக்கே பித்தளைக் கம்பி பதித்துக் கட்டம் கட்டமாக இருக்கும் இல்லையா, அதில் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் தாண்ட வேண்டும், ஆனால் இரண்டே இடங்களில் மட்டும் தாண்டாமல் பக்கத்துக் கட்டத்திலேயே கால் வைக்க வேண்டும், அதுதான் ஸ்கேல், அது விளங்கினால் உலகத்துப் பாட்டெல்லாம் உன்னுடையது என்று சொல்லிவிட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டார். மோனிஷா மறக்காமலிருக்க எந்தெந்தக் கட்டத்தில் விரல் வைக்க வேண்டுமோ அங்கெல்லாம் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்தாள், விரலே வைக்காத வெறும் கம்பி ‘ச’வுக்குக்கூடக் கழுத்தின் தலைமாட்டில் ஒன்று. எட்டாவதாக வருகிற மேல் ‘ச’வுக்கு மட்டும் பொட்டு வைக்கவில்லை, அந்தக் கட்டத்தில் கம்பெனிக்காரனே இரண்டு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் சுருதி சேர்த்தது கீழே ஓடுகிற தண்ணீர் மோட்டாரின் சத்தத்துக்கு. அந்த ரீங்காரம் குழாய் வழியாகவே எட்டாம் மாடிக்கு ஏறி வரும். அதோடு ஒட்டாமல் எதை வாசித்தாலும் காதில் இடிக்கிறது என்பாள். எங்கள் பக்கத்துக் கரண்டின் லட்சணத்துக்கு மோட்டார் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குரலில் பாடும். “குழாயடிச் சுருதி” என்று வில்பிரட் கிண்டல் செய்வார்.

அன்றைக்கு அவள் அம்மா தேசம்மா அவளுக்குக் கண்ணாடி கிளாஸில் டீ போட்டுக் கொடுத்தாள். மோனிஷா இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வாசித்தாள், ச ரி க ம ப த நி என்று ஏறினாள், ஏழாவதில் விரல் இருக்கும்போதே மூச்சு இழுத்துக்கொண்டது. வாயில் அடித்துக்கொள்கிற பஃப் மருந்து தீர்ந்துபோயிருந்தது. லிஃப்ட் நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே ஓடியதில்லை, அதற்குள் யாரோ உடைந்த கட்டிலைச் சாத்தி வைத்திருந்தார்கள். தணிகாசலம் மகளை முதுகில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினான். அந்தப் படிகளைப் பற்றி அவன் முதல் நாளே எங்களிடம் சொல்லியிருக்கிறான்: காசு பார்க்கிற அவசரத்தில் எவனோ போட்டது, ஒவ்வொரு வளைவிலும் இரண்டு படி அரை உயரம்தான், எவனாவது இதில் விழுந்து சாகப்போகிறான். மூன்றாம் மாடி வளைவில் அந்த அரைப்படியில் அவன்தான் தடுக்கி விழுந்தான். முட்டி பெயர்ந்து, எழுந்து, மறுபடி தூக்கிக்கொண்டு கீழே வந்து ஆட்டோவில் ஏற்றியபோது அவள் கண் திறந்துதான் இருந்தது. கேட்டைத் தாண்டி மெயின் ரோடு திரும்புவதற்குள் போய்விட்டாள். பத்தொன்பது வயது. அன்றைக்கு அழாதவர் எங்கள் பிளாக்கில் யாருமில்லை.

அடக்கம் செய்துவிட்டு வந்தபோது கைப்பிடிச் சுவரில் அந்த டீ அப்படியே இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. தேசம்மா கிளாஸை எடுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வராந்தாவில் அந்த ஏழாவது சுரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது, காதடைத்தால் உள்ளே கேட்குமே ஒரு சத்தம், அந்த அளவுக்கு, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

எங்களுக்கு அது உறைக்கக் கொஞ்ச நாளாயிற்று. முதலில் குக்கர். இரண்டு விசில் வரும், மூன்றாவதற்கு மூச்சை இழுக்கும், வராது. பெண்கள் வாசனை பார்த்து இறக்கக் கற்றுக்கொண்டார்கள். பால் விளிம்பு வரைக்கும் பொங்கி வந்து அங்கேயே நிற்கும். புதிதாகக் குடிவந்த ஒரு ஜோடி பொங்காத பாலைப் பார்த்து முகம் வாடியது, பிறகு ‘பொங்கின மாரிதான்’ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு எல்லோருக்கும் காப்பி கொடுத்தது. தும்மல் வரும், முகம் கோணும், தும்ம முடியாது. மூக்கு நமைச்சல் எடுக்கும்போதே ஓட்டமாக ஓடி கேட்டுக்கு வெளியே நின்று, தும்மலை அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்துக்கொண்டு வந்தோம். ஏனென்றால் பிளாக்குக்குள் தொடங்கியதை வெளியே எங்கே எடுத்துப் போனாலும் அது முடியாது, வெளியே தொடங்கியது மட்டும்தான் முடியும் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டோம். மூன்றாம் மாடி ஜெபக் கூட்டத்தார் ஜெபத்தை ரோட்டில் ஆரம்பித்தார்கள். குழாயடிச் சண்டையில் கடைசி வார்த்தை யாருக்கும் கிடைக்காததால், சங்கத் தலைவர் கோதண்டமும் அவர் மச்சினியும் காலையில் விட்ட இடத்திலிருந்து சாயங்காலம் தொடர்ந்தார்கள். டிவி சீரியலில் மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

கெட்டதில் ஒரு நல்லதுமாக, கேஸ் சிலிண்டர் தீரவில்லை. அடியில் கொஞ்சம் ஆடும், ஆனால் எரிந்துகொண்டே இருக்கும். எண்ணெயும் அப்படியே, சீயக்காயும் அப்படியே. பக்கத்து பிளாக்குக்காரர்கள் பொறாமையில் வெந்தார்கள், அவர்களில் சிலர் எங்கள் மாடிப்படியில் அடுப்பு கொண்டுவந்து பற்ற வைத்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், விசாரணை தொடங்கினார்கள். அது முடியாமல் போனதற்கு எங்கள் பிளாக்தான் காரணம் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. மோனிஷா செத்ததற்கு நாங்கள் மெயின் ரோட்டில் மறியல் செய்ததால் லிஃப்டைச் சரிசெய்யவும் ஆள் அனுப்பினார்கள். புது வடம், புது மோட்டார், உள்ளே ஒரு சின்ன ஃபேன்கூட மாட்டினார்கள். எல்லாம் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் ஏறி வரும், எந்த மாடியானாலும் தரைக்கு ஒரு முழம் கீழேயே நின்றுவிடும், கதவு திறக்காது, மறுபடி இறங்கிப் போகும். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஆனாலும் அழுகை என்று ஒன்று இருக்கிறதல்லவா. எட்டாம் மாடியில் தேசம்மா அழத் தொடங்கியது பிளாக்குக்குள். அழுது ஓய்ந்து முகம் கழுவி எழுந்திருக்கிற இடம் எல்லாத் துக்கத்திலும் ஒருநாள் வரும், அது அவளுக்கு வரவில்லை. மாவு அரைத்துக்கொண்டே அழுதாள், கடைக்குப் போகும்போதும் அழுதாள், நாங்கள் அதற்கும் பழகிப்போனோம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்ன நடக்கிறது என்று முதலில் சொன்னவர் வில்பிரட். வெளியூர்க் கச்சேரிகள் முடிந்து வந்தவர், வராந்தாவில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“ஏழாவதுல வுட்டுட்டுப் போயிருக்குது புள்ள,” என்றார். “அது நிக்கிற எடம் இல்ல. கால தூக்கின எடம். தூக்கின கால கீழ வெக்காம போயிட்டா எப்டி?”

“அப்ப நீயே வெச்சு முடியேன் மாஸ்டர்,” என்றார் கோதண்டம்.

அவரும் பார்த்தார். குழுவிலிருந்து கீபோர்டு கொண்டுவந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். பஜனைக்காரர்களின் ஆர்மோனியம் வந்தது, போனில் இருக்கிற சுருதிகளெல்லாம் வந்தன. எதுவும் ஒட்டவில்லை. மோனிஷாவின் ‘ச’ எந்தக் கட்டையிலும் இல்லை, இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கேயோ இருந்தது. அன்றைக்கு மோட்டார் பாடிய குரல் அது; மோட்டாரும் அதற்குப் பிறகு அந்தக் குரலில் பாடவில்லை. அந்தச் சுருதி இப்போது ஒரே இடத்தில்தான் மிச்சமிருந்தது, அவள் சேர்த்து வைத்த கம்பிகளில். அந்தக் கிதாரைத் தணிகாசலம் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு, யாராவது அதைத் தொட்டால் கம்பியை அறுத்துப் போட்டுவிடுவதாகச் சொல்லி, கொத்துக் கரண்டியைப் பக்கத்தில் வைத்திருந்தான்.

அவனைக் குறை சொல்ல முடியுமா? அவள் தலையணையில் தேங்காயெண்ணெய் வாசனை போகவில்லை. அவள் அலசிக் கொடியில் போட்ட துப்பட்டா காயாமல் ஈரமாகவே இருந்தது. டீ சூடாக இருந்தது. வேலைக்குப் போய்விட்டு வந்ததும் அவன் வராந்தாவில் உட்கார்ந்து அந்த ஏழாவது சுரத்தைக் கேட்பான், அதில் அவள் இன்னும் விரல் எடுக்கவில்லை என்று அவனுக்குத் தோன்றும், விரல் எடுக்காதவள் எப்படிச் செத்திருக்க முடியும் என்றும் தோன்றும். எங்களுக்கே சில சமயம் தோன்றியதுதான்.

சில நாள் அவன் கதவைச் சாத்திக்கொண்டு கிதாரை வெளியே எடுப்பான், தட்டமாட்டான், கழுத்தைத் தடவிப் பார்ப்பதோடு சரி. சிவப்புப் பொட்டுகளை அப்போதுதான் கவனித்தான். ஒன்று விட்டு ஒன்று ஒழுங்காகப் போகிற பொட்டு, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஏழாவது பொட்டும் வெள்ளைப் புள்ளிக் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாகப் படி கட்டுகிறவன். பிள்ளை அவசரத்தில் தப்பாக வைத்துவிட்டாள் என்று நினைத்தான், அரைப்படி வைத்துவிட்டாள், அதில்தான் தடுக்கிவிட்டாள் என்றும் நினைத்தான். யாரிடமும் கேட்கவில்லை.

இப்படியே காலம் முழுக்க ஓட்டியிருப்போம். மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான். ஆனால் நான்காம் மாடி சுகந்திக்கு வலி கண்டது.

ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைத் துடிப்பு நன்றாக இருக்கிறது, இது பொய் வலி, நிஜ வலி வந்தால் கூட்டி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனார்கள், மறுபடி அதையே சொன்னார்கள். வலி எழும்பும், எழும்பி உச்சிக்கு வரும், அங்கேயே நிற்கும். அமாவாசை போய்ப் பௌர்ணமி வந்தது. சுகந்தி கத்துவதை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு, மாடு மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் மாமியார் பேபியம்மா, ஆற்றங்கரையில் நாங்கள் இருந்தபோது பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள், ஒருநாள் மத்தியானம் வெளியே வந்து கையைக் கழுவினாள்.

“தல தெரியுது,” என்றாள். “இனிமே அவள தூக்கக்கூடாது. படி எறக்குனா ரெண்டும் போயிடும்.”

யாரும் சொல்லாமலேயே எல்லோரும் எட்டாம் மாடிக்கு ஏறினோம். ஏறுகிறவர்கள் எல்லாருமே அந்த அரைப்படிகளில் தடுக்கிக்கொண்டுதான் ஏறினார்கள். தணிகாசலம் கதவில் குறுக்கே நின்றான், கையில் கொத்துக் கரண்டி. கோதண்டம் கையெடுத்துக் கும்பிட்டார். சுகந்தியின் புருஷன் தரையில் விழுந்து அவன் காலைப் பிடித்தான். தணிகாசலம் அசையவில்லை.

“எம்பொண்ணு சாவும்போது லிஃப்ட் எங்க இருந்துச்சு?” என்றான். “உங்க சங்கம் எங்க இருந்துச்சு? இப்ப வந்து அவள முடிச்சு வுடுன்னா நா எப்டிய்யா முடிப்பேன்?”

அவன் பின்னாலிருந்து தேசம்மா வந்தாள். இரண்டு கையிலும் டீ கிளாஸ், ஆவி அவள் மோவாயில் பட்டுக்கொண்டிருந்தது, கண்ணில் எப்போதும்போல் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“இந்தாய்யா,” என்றாள் புருஷனிடம். “ஒருத்தி இந்தப் படியில போயிட்டா. இன்னொருத்தியும் போவணுமா?”

“அவ இங்கதாம்மே கீறா. கேக்கலையா உனுக்கு?”

“கேக்குது. மூச்சு வாங்கிகினே நிக்கிறா. எத்தினி நாளிக்குய்யா அவ மூச்சு வாங்கிகினே நிப்பா?”

தணிகாசலம் கொத்துக் கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு உள்ளே போய்க் கிதாரை எடுத்து வந்தான். வில்பிரட் கையை நீட்டினார், அவன் தரவில்லை.

“நானே வாசிக்கிறேன். அவ வந்த வழிய நானே ஏறி வரேன்.”

“கடசிக் கட்டம் ஒண்ணு போதும் மேஸ்திரி. இதோ, ரெண்டு புள்ளி…”

“நீ கம்னு இரு மாஸ்டர்.”

அவன் வராந்தாவில் மகள் உட்கார்ந்த இடத்தில் குந்தினான். சிமெண்டு தின்ற விரல்கள், கம்பியை அழுத்த முடியாத அளவுக்குக் காய்த்துப்போயிருந்தன. முதலில் வெறும் கம்பியைத் தட்டினான். அத்தனை நாளாக எங்கள் காது தேடிக்கொண்டிருந்த ‘ச’ அது. பிறகு ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் ஏறினான். மூன்றாவதுக்குப் பிறகு மகளின் பொட்டு பக்கத்துக் கட்டத்தில் இருந்தது, அவன் அதை மிதிக்கவில்லை, தாண்டி அடுத்த கட்டத்தில் விரல் வைத்தான். பிள்ளை செய்த தப்பைத் திருத்தினான். சமமான படி, ஒரே உயரம், முப்பது வருஷமாக அவன் யாருக்கும் தடுக்காமல் கட்டிக்கொடுத்த படி. ஆனால் சுரம் ஏறஏற எங்களுக்குத் தலை சுற்றியது, எங்கே இருக்கிறோம், எவ்வளவு ஏறிவிட்டோம், எவ்வளவு மிச்சம், ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது சுரம் என்று அவன் விரல் வைத்தது இரண்டு வெள்ளைப் புள்ளி இருக்கிற கட்டத்தில்.

அந்த நொடியில் எல்லா வீட்டிலும் பால் நடுங்கியது. குக்கர்கள் மூச்சை இழுத்தன. நான்காம் மாடியிலிருந்து பேபியம்மா “வருது, வருது” என்று கத்தினாள்.

தணிகாசலத்துக்கு அதுதான் எட்டாவது சுரம், போய்ச் சேர வேண்டிய வீடு என்று தெரியவில்லை. அவன் கணக்குக்கு இன்னும் ஒரு படி பாக்கி. வாசலை மிதித்துத் தாண்டி, அடுத்ததாக ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டத்தில் விரல் வைத்துத் தட்டினான். பால் அடங்கியது. தெரிந்த தலை உள்ளே போய்விட்டது. அதுவரை கத்தாமல் கிடந்த சுகந்தி கத்தியது எட்டு மாடிக்கும் கேட்டது, அந்தக் கத்தலும் முடியாமல் வராந்தாவில் வந்து நின்றது, மோனிஷாவின் சுரத்துக்குப் பக்கத்தில்.

அவன் கிதாரை மடியில் கவிழ்த்தான். “சரியாத்தானே வெச்சேன்,” என்றான். “எல்லாம் ஒரே அளவு.”

வில்பிரட் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். கோபமாக இருந்தார், அழுகிற மாதிரியும் இருந்தார்.

“அதான் மேஸ்திரி தப்பு. எல்லாப் படியும் ஒரே அளவா இருந்தா ஏறிகினே இருக்கலாம். எங்கியும் போய்ச் சேர மாட்டோம். வூடு வந்துடுச்சுன்னு காலுக்கு எப்டித் தெரியும்? அந்த அரைப்படிதான் சொல்லும்.”

“அரைப்படி வெக்கமாட்டேன் மாஸ்டர். அரைப்படிலதான் எம்பொண்ண நா…” அவனால் முடிக்க முடியவில்லை. அது பிளாக் முடிக்கவிடாததாலா, அவன் தொண்டையாலா, தெரியாது.

“இது வேற படி. உம்பொண்ணு சரியா வெச்சிருக்குது. பாரு. ஒரு பொட்டுகூட தப்பு இல்ல. நா சொல்லிக்குடுத்ததவிட சரியா வெச்சிருக்குது.”

தணிகாசலம் கிதாரைத் திருப்பிப் பார்த்தான். ஏழாவது பொட்டு, அதை ஒட்டி இரண்டு வெள்ளைப் புள்ளி. நடுவில் ஒன்றுமில்லை, ஒரு பித்தளைக் கம்பிதான்.

“இவ்ளோ பக்கமா?” என்றான்.

“அவ்ளோதான்.”

“விரல நவுத்தியிருந்தா போதுமா?”

தணிகாசலம் அந்தப் பித்தளைக் கம்பியை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தான். வராந்தாவில் சுகந்தியின் கத்தல் நின்றபடியே நின்றது. தேசம்மா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், கிளாஸை இன்னும் கீழே வைக்கவில்லை.

அவன் மறுபடி முதலிலிருந்து ஏறினான். இந்தத் தடவை மகளின் பொட்டுகளில் மட்டும் விரல் வைத்தான். மூன்றாவதிலிருந்து நான்காவது பொட்டுக்கு அரைப்படி ஏறும்போது அவன் உடம்பு தடுக்கியதுபோல் முன்னால் சாய்ந்தது, பார்த்த எங்களுக்கும் சாய்ந்தது. ஐந்து, ஆறு. ஏழாவதில் விரல் வைத்துத் தட்டினான். அவன் தட்டிய சுரமும் அங்கே அத்தனை நாளாக நின்றிருந்த சுரமும் ஒன்றாயின, எது அவனுடையது, எது அவளுடையது என்று பிரிக்க முடியவில்லை. அவன் விரலை எடுக்கவில்லை. நான்காம் மாடியில் ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் எங்களில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

“இன்னாய்யா பண்றா?” என்று தேசம்மா மெல்லக் கேட்டாள்.

“மூச்சு வாங்குறா.”

“போதும்யா. அனுப்பிடு.”

அவன் விரலை நகர்த்தினான்.

எல்லா வீட்டிலும் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. குக்கர்கள் ஒரே சமயத்தில் விசிலடித்தன, எத்தனையோ நாளாக மூக்கில் நின்ற தும்மல்கள் எல்லா மாடியிலும் வெடித்தன, சிலிண்டர்கள் வரிசையாகத் தீர்ந்து அடுப்புகள் அணைந்தன. கோதண்டத்தின் மச்சினி கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்தாள், அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்காம் மாடியில் குழந்தை அழுதது. பெண் குழந்தை என்று பேபியம்மா கத்தினாள், ரெண்டும் நல்லாருக்கு என்றும் கத்தினாள். எங்களை மீறிய சந்தோஷத்தில் எல்லோரும் கீழே ஓடினார்கள், சுகந்தியின் புருஷன் அந்த அரைப்படியில் விழுந்து எழுந்து ஓடினான், நான் மட்டும் ஏனோ போகவில்லை.

தணிகாசலம் ஏழாவது பொட்டில் மறுபடி விரல் வைத்துத் தட்டிப் பார்த்தான். சத்தம் வந்தது, போய்விட்டது. மறுபடி தட்டினான். வந்தது, போய்விட்டது. அது வெறும் கம்பிச் சத்தம்தான். கொடியில் துப்பட்டா காய்ந்து காற்றில் ஆடத் தொடங்கியிருந்தது. தேசம்மாவின் கண்ணில் நீர் வழிவது நின்றுவிட்டது, அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அது நின்றதுதான் அவளுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டிருக்க வேண்டும். கையிலிருந்த கிளாஸில் டீயின் மேல் ஆடை படிந்து சுருங்கியது.

“ஆறிப்போச்சு,” என்றாள். விளிம்பில் மகள் வாய் வைத்த இடத்தைத் தேடி, அங்கேயே வாய் வைத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அப்போது சுவருக்குள் ஏதோ உறுமியது. நான் திரும்பிப் பார்த்தேன். லிஃப்ட் ஏறி வந்துகொண்டிருந்தது. ஏழாம் மாடியைத் தாண்டியது, எப்போதும் நிற்கிற அந்த ஒரு முழத்தையும் தாண்டியது, எட்டாம் மாடித் தரைக்குச் சரியாக வந்து நின்றது. கதவு தானாகத் திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, சின்ன ஃபேன் சுற்றியது, ஒருவரும் இல்லை.

தணிகாசலம் எழுந்தான். கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, அன்றைக்கு மகளைத் தூக்கிக்கொண்ட மாதிரியே குனிந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, லிஃப்டைப் பார்த்தபடி நின்றான். கதவு கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. பிறகு மூடிக்கொண்டு கீழே போனது.